குளிர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளின் நீர் தேங்கும் மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், மொன்டானா, ஐடஹோ, வயோமிங், கொலராடோ மாநிலங்களின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் காணப்படும் ஈரநில மண்ணைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

எப்படிப்பட்ட இடத்தில் இந்த மண் கிடைக்கிறது?

மொன்டானாவின் தென்மேற்கில் உள்ள பிக் ஹோல் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் நடுவே விஸ்டம் என்ற சிற்றூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலைகள், நடுவில் அகன்ற தட்டையான தரை, அதன்மேல் வளைந்து வளைந்து போகும் ஆறு, ஆற்றை ஒட்டி வில்லோ புதர்கள், அவற்றுக்கு அப்பால் கோரையும் புல்லும் மண்டிய ஈரமான வெளி என்பதே அங்குள்ள காட்சி. அந்த வெளியின் அடியில் இருப்பதுதான் நாம் பேசும் மண். மேலே ஓர் அடி அளவுக்குக் கறுத்த, வேர் நிறைந்த அடுக்கு. அதன் கீழே துருப் புள்ளிகள் தெறித்த சாம்பல் நிற வண்டல். இன்னும் கீழே ஆறு உருட்டி வந்த கூழாங்கல்லும் மணலும்.

இதில் வியப்பு என்னவென்றால், விஸ்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 300 மி.மீ. மட்டுமே. வானத்தை மட்டும் பார்த்தால் அது வறண்ட ஊர். அங்குள்ள ஈரம் மலையுச்சியில் குளிர்காலம் முழுவதும் குவிந்த பனி, மே, சூன் மாதங்களில் உருகிக் கீழே இறங்குவதால் கிடைப்பது.

சரிவான இடத்தில் நீர் வடிந்து ஓடிவிடாதா? மலைநாட்டில் நீர் எப்படித் தேங்குகிறது?

மலை சரிவானதுதான்; ஆனால் பள்ளத்தாக்கின் அடித்தரை சரிவானதல்ல. கடைசிப் பனியூழியில் பனியாறுகள் இப்பள்ளத்தாக்குகள் பலவற்றை அகழ்ந்து அகலமாக்கின. அவை பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கல்மண் மேடுகள் பல இடங்களில் அணைபோலக் குறுக்கே நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஏரிகள் தேங்கி, நாளடைவில் தூர்ந்து சமவெளியாயின. உருகும் பனிநீர் சரிவின் அடியில் உள்ள சரளைக்குள் புகுந்து, பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஊற்றாகக் கசிந்து வெளிவருகிறது. அதே வேளையில் ஆறும் பெருக்கெடுத்துப் பக்கவாட்டில் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. மண் தானாக நீரைப் பிடித்து வைக்கிறது என்பதைவிட, நீருக்குப் போக்கிடம் இல்லை என்பதே சரி. மணல் கலந்த மண்ணாக இருந்தாலும், நிலத்தடி நீர்மட்டம் ஒரு சாண் ஆழத்தில் நிற்கும்போது அதன் வடிதிறனால் பயனில்லை.

மண் ஆய்வாளர்கள் இதை இரண்டு படிகளாகப் பிரிக்கிறார்கள். வளர்பருவத்தின் பெரும் பகுதியில் மேல்மட்டத்திலேயே நீர் நிற்பது "மிகக் குறைந்த வடிகால்". அவ்வப்போது மேலே வந்து கோடையின் பிற்பகுதியில் இறங்கிவிடுவது "குறைந்த வடிகால்". ஒரே வெளியில் பத்தடி தள்ளி நடந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

உயரமான இடம்தானே குளிர்ச்சியானது? பள்ளம் ஏன் மேட்டைவிடக் குளிர்கிறது?

தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆக, இந்தப் பள்ளத்தாக்குகளில் தேங்குவது நீர் மட்டுமல்ல, குளிரும் தேங்குகிறது. யூட்டா மாநிலத்தின் பீட்டர் சிங்ஸ் என்ற சுண்ணாம்புக்கல் குழியில் 1985 பிப்ரவரி 1 அன்று வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 டிகிரி செல்சியஸையும் தாண்டி இறங்கியது. அந்தக் குழியின் அடியில் மரம் வளர்வதில்லை, மேட்டில்தான் வளர்கிறது. அது ஈரநிலம் அல்ல என்றாலும், குளிர்காற்று எப்படிக் குடியேறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

ஈரமே குளிரைக் கூட்டவும் செய்கிறது. ஒரே எடையுள்ள உலர்ந்த மண்ணைவிட நீரைச் சூடாக்க ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். நீர் பனிக்கட்டியாக உறைந்திருந்தால், அதை உருக்குவதற்கே ஒவ்வொரு கிராமுக்கும் 334 ஜூல் செலவாகிவிடும். எனவே வேனில் வந்து மேட்டு நிலம் வெதுவெதுப்பான பிறகும் ஈரவெளியின் மண் பல வாரங்கள் பின்தங்கியே இருக்கும்.

நீர் தேங்கிய மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆக்சிஜன். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவுகிறது. மண்ணின் துளைகள் நீரால் நிரம்பியதும் மேலிருந்து வரும் ஆக்சிஜன் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகளோ மக்கும் பொருளைத் தின்று மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. கையிருப்பு ஆக்சிஜன் தீர்ந்ததும் அவை அடுத்தடுத்த மாற்றுகளை நாடுகின்றன. முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அடுத்து சல்பேட், கடைசியாகக் கார்பன் டை ஆக்சைடு. இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஒன்று குறைந்த பிறகே அடுத்ததற்குக் கை நீள்கிறது.

இவற்றுள் கண்ணுக்குத் தெரியும் தடயத்தை விட்டுச்செல்வது இரும்புதான். மண்துகள்களின் மேல் பூச்சாகப் படிந்து அவற்றுக்குப் பழுப்பும் செம்மையும் தருவது இரும்பு ஆக்சைடு. ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிரிகள் அந்த இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. பூச்சு கழுவப்பட்டு, துகளின் இயல்பான சாம்பல் நிறம் வெளிப்படுகிறது. கரைந்த இரும்பு நீரோடு நகர்ந்து, வேர்த்துளையோ விரிசலோ வழியாகச் சிறிது காற்று நுழையும் இடத்தில் மீண்டும் துருவாகப் படிகிறது. சாம்பல் தரையும் அதில் துருப்புள்ளியும் உண்டாவது இப்படித்தான். கோரையின் உயிருள்ள வேரைச் சுற்றி ஆரஞ்சு நிற உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடி தன் தண்டின் காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு அனுப்பியதற்கான அடையாளம் அது.

அப்படியானால், நீர் தேங்கிய எல்லா மண்ணும் இப்படி மாறிவிடுமா?

மாறாது. குளிர்ந்த பள்ளத்தாக்கில் பலர் தவறு செய்யும் இடமும் இதுவே. ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பவை உயிர்கள். அவை சுறுசுறுப்பாக இருக்க வெதுவெதுப்பு வேண்டும். தின்ன மக்கும் பொருளும் வேண்டும். பனி உருகி வந்த நீர் குளிர்ந்தது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 0 டிகிரி நீரோ 14 மில்லிகிராமுக்கு மேல் தாங்கும். எனவே மே மாதத்தில் பனிநீர் மண்ணை மூழ்கடித்து, மண் வெதுவெதுப்பாவதற்குள் வடிந்துவிட்டால், பல வாரங்கள் நீரில் கிடந்தும் அந்த மண் செம்பழுப்பாகவே இருக்கக்கூடும். சூலையிலும் நீர் நின்றால் மட்டுமே சாம்பல் நிறம் நிலைபெறும். ஈரமும் வெதுவெதுப்பும் ஒரே காலத்தில் சேரும் நாட்களின் எண்ணிக்கையே இம்மண்ணின் குணத்தைத் தீர்மானிக்கிறது. நின்ற நீரின் ஆழம் அல்ல.

அமெரிக்க அரசு 1994-இல் வெளியிட்ட ஈரநில மண்ணின் வரையறையும் இதையே சொல்கிறது. மண்ணின் மேற்பகுதியில் ஆக்சிஜனற்ற நிலை உண்டாகும் அளவுக்கு, வளர்பருவத்தில் போதிய காலம் நீர் நிறைந்தோ, வெள்ளம் சூழ்ந்தோ, குளமாகத் தேங்கியோ இருந்து உருவான மண் என்பது அதன் சாரம். "வளர்பருவத்தில்" என்ற சொல்லே அதில் முக்கியமானது. மண்ணின் வெப்பநிலை 5 டிகிரியைத் தாண்டும் காலம் என்று அதை முன்பு எளிமையாகக் கொண்டார்கள். உறைநிலைக்கு அருகிலும் நுண்ணுயிரிகள் மெதுவாக இயங்குகின்றன என்பதால், அந்த எல்லையைக் கல்லில் வெட்டிய கோடாகக் கொள்ளக்கூடாது.

செப்டம்பரில் போய்ப் பார்த்தோம். தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. இதை எப்படி ஈரநிலம் என்கிறார்கள்?

நீரைத் தேடாதீர்கள், நிறத்தைப் பாருங்கள் என்பதே விடை. நீர் வரும் போகும். நிறம் பல்லாண்டுப் பதிவேடு. அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, மண்கட்டியை ஈரப்படுத்தி, மண்ணின் நிறத்தை எண்களால் குறிக்கும் மன்செல் நிற அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள். அந்த அட்டையில் நிறச்செறிவு எண் 2 அல்லது அதற்குக் குறைவாக, வெளிர்மை எண் 4 அல்லது அதற்கு மேலாக இருந்து, துருப்புள்ளிகளும் தென்பட்டால், பெரும்பாலான வேளைகளில் அங்கே நீர் நீண்டகாலம் தங்குகிறது என்று பொருள்.

நேரடிச் சோதனைகளும் உண்டு. ஈரமான பருவத்தில், புதிதாகப் பிளந்த மண்கட்டியின்மேல் டைபிரிடில் கரைசலைத் தெளித்தால், கரைந்த நிலையில் இரும்பு இருக்குமானால் இளஞ்சிவப்பாக மாறும். இன்னோர் எளிய முறை, பி.வி.சி. குழாயின்மேல் இரும்பு ஆக்சைடு கலந்த வண்ணத்தைப் பூசி மண்ணில் சில வாரம் நட்டுவைப்பது. வெளியே எடுக்கும்போது வண்ணம் கரைந்து வெளுத்த பகுதியே ஆக்சிஜனற்ற ஆழம். இருபது ரூபாய்க் குழாயில் மண்ணின் மூச்சை அளப்பது போன்றது இது. விலையுயர்ந்த கருவிகளைவிட இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மேல்மண் கறுப்பாக இருந்தால் நிறம் மறைந்துவிடாதா?

மறைந்துவிடும், இம்மண்ணைப் படிப்பதில் மிகக் கடினமான பகுதியும் அதுவே. குளிரில் மக்குதல் மெதுவாக நடப்பதால் இப்பள்ளத்தாக்குகளின் மேல்மண் தடித்துக் கறுத்திருக்கும். இரும்பு வெளியேறினாலும் அந்தக் கருமை அதைக் காட்டாது. எனவே கரிய அடுக்கைத் தாண்டி அதன் அடியில் உடனே என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் தோண்டி "கறுப்பு மண், நல்ல மண்" என்று முடிவு கட்டுவது ஏமாற்றத்தில் முடியும்.

"கிரையக்வால்" என்ற பெயருக்கு என்ன பொருள்?

இத்தகைய குளிர்ந்த, ஈரமான, கரிய மண்ணுக்கு அமெரிக்க மண் வகைப்பாட்டு நூல் தரும் பெயர் அது. அந்நூல் முதலில் 1975-இல் வெளிவந்தது. அதிலுள்ள பெயர்கள் நம் தொகைச் சொற்களைப் போல அடுக்கி ஆக்கப்பட்டவை. "கிரை" என்பது உறைகுளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் துண்டு. "அக்வ்" என்பது நீர். "ஆல்" என்பது மென்மையான, கரிய, சத்து மிகுந்த மேல்மண்ணைக் குறிக்கும் "மாலிசால்" என்பதன் வால். பெயரைப் பிரித்தாலே மண் தெரிந்துவிடும். இங்கே "உறைகுளிர்" என்பதற்கும் அளவு உண்டு. அரை மீட்டர் ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி 0 முதல் 8 டிகிரிக்குள் இருப்பதோடு, கோடையும் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். நீர் நிறைந்து, மேலே தாவர எச்ச அடுக்கும் போர்த்திய மண்ணானால் அதன் கோடைச் சராசரி 6 டிகிரிக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்தப் போர்வை இல்லாவிட்டால் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும்.

பீட் மண் என்பது இதுதானா?

இதன் அடுத்த நிலை அது. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் கசியும் இடங்களில் ஆக்சிஜன் திரும்புவதே இல்லை. செடி ஆண்டுதோறும் சேர்ப்பதை நுண்ணுயிரிகளால் தின்று முடிக்க இயலாமல், மக்காத எச்சம் அடுக்கடுக்காகக் குவிகிறது. மேல் 80 செ.மீ.க்குள் அத்தகைய அடுக்கு 40 செ.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், பொதுவாக அதைத் தாதுமண் வரிசையிலிருந்து எடுத்துத் தனி வரிசையில் வைப்பார்கள். கொலராடோ மலைகளில் பீட் சேரும் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. என்பது பொதுவான கணக்கு. ஒரு மீட்டர்க் குழியை ஒரு பிற்பகலில் தோண்டிவிடலாம்; அது நிரம்பியதற்கு ஐயாயிரம் ஆண்டு ஆகியிருக்கும். அங்குள்ள சவுத் பார்க் என்ற உயர்ந்த சமவெளியில் தோட்ட உரத்துக்காகப் பீட் வெட்டி விற்றார்கள். வளர்வதைவிடப் பன்மடங்கு விரைவில் வெட்டி எடுப்பதைப் பயிர்த்தொழில் என்பதா, சுரங்கத் தொழில் என்பதா என்று கேட்டால், சுரங்கம் என்றே நான் சொல்வேன்.

எந்த அளவுக்கு மக்கியிருக்கிறது என்பதைக் கையால் அறியலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தெளிந்த நீர் மட்டும் வடிந்தால் மக்காத பீட். விரலிடுக்கில் சேறாகப் பிதுங்கினால் முழுதும் மக்கியது. சுவீடன் அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட் இந்தப் பிழிதலையே 1 முதல் 10 வரையிலான அளவுகோலாக ஒழுங்குபடுத்தினார்.

இந்த மண் எல்லாம் புளித்த அமில மண்தானா?

இல்லை. வடக்கு ஐரோப்பாவின் மழைநீர்ச் சதுப்புகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றும். ராக்கி மலைகளில் சதுப்பை வளர்ப்பது பாறையைக் கடந்து வரும் நிலத்தடி நீர் என்பதால், பாறையின் குணமே மண்ணிலும் இறங்குகிறது. சவுத் பார்க்கில் சுண்ணாம்புச் சத்துள்ள நீர் ஊறும் சதுப்புகளில் பி.எச். 7-ஐத் தாண்டும். அதே கொலராடோவில் இரும்புக் கந்தகக் கனிமம் நிறைந்த பாறைவழி நீர் வரும் சதுப்புகளில் அது 4-க்கும் கீழே இறங்கி, தரையெங்கும் துருப்பாளம் கட்டியிருக்கும்.

தோண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே?

சல்பேட்டையும் நுண்ணுயிரிகள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன என்பதன் அடையாளம் அது. மிக நீண்டகாலம் நீர் நின்ற இடம். நாற்றம் இல்லாததால் ஈரநிலம் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

தரை ஏன் மேடும் பள்ளமுமாக, குடம் கவிழ்த்தது போல இருக்கிறது? வேலிக்கம்பங்கள் ஏன் மேலே எழும்புகின்றன?

இரண்டுக்கும் உறைபனி காரணம். நுண்ணிய வண்டல்மண் நீரைத் திரிபோல மேலே உறிஞ்சும். உறையும் முகப்பை நோக்கி நீர் இழுக்கப்பட்டு, வில்லை வில்லையாகப் பனிக்கட்டி வளர்ந்து தரையைத் தூக்குகிறது. கம்பத்தைப் பற்றிக்கொண்டு உயரும் மண், உருகும்போது அதைப் பழைய ஆழத்துக்கு இறக்குவதில்லை. கம்பத்தின் அடியில் சேறு புகுந்துவிடுகிறது. சில குளிர்காலங்களில் வேலியே கழன்று நிற்கும். மேடுகள் உருவாவதில் கோரைக் கொத்துகளுக்கும், அவற்றின் இடைவெளியில் மிதித்து நடக்கும் மாடுகளுக்கும் பங்கு உண்டு.

இந்த மண்ணில் மனிதருக்கு உணவாகும் ஏதேனும் விளைகிறதா?

காமஸ் என்ற நீலப்பூக் கிழங்கு விளைகிறது. இளவேனிலில் நீர் நின்று கோடையில் காயும் புல்வெளிதான் அதற்கு ஏற்ற இடம். அப்பகுதியின் பழங்குடியினரான நெஸ் பெர்ஸ் மக்களுக்கு அது தலையாய உணவு. குழி வெட்டி, சுட்ட கற்களை அடுக்கி, புல் பரப்பி, கிழங்கைப் புதைத்து நெடுநேரம் வேகவைப்பார்கள். கிழங்கிலுள்ள இனுலின் என்ற செரிக்காத மாவுப்பொருள் இனிப்பாக மாற அவ்வளவு நேரம் வேண்டும். ஐடஹோவின் வெய்ப் புல்வெளியில் 1806 சூன் மாதம் காமஸ் பூத்திருந்ததைத் தொலைவிலிருந்து கண்ட அமெரிக்க நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், தெளிந்த நீருள்ள ஏரி என்று நினைக்கும்படி இருந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதே வெளியில் வெள்ளைப்பூப் பூக்கும் நச்சுக் கிழங்கு ஒன்றும் கலந்து வளர்கிறது. பூ உதிர்ந்தபின் வேறுபாடு காண்பது கடினம்.

பீவருக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. பீவர் என்ற கொறிவிலங்கு வில்லோவை வெட்டி ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும்போது, நீர் பக்கவாட்டில் பரவி நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. அணைக்குப் பின்னால் வண்டல் படிகிறது. குளம் தூர்ந்ததும் விலங்கு வேறிடம் போகும். கரிய ஈரப் புல்வெளி மிஞ்சும். 1820-களிலும் 1830-களிலும் தொப்பிக்கான தோலுக்காக அவை இம்மலைகளில் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. கவனிப்பாரற்ற அணைகள் உடைந்த இடங்களில் ஓடை தன் படுகையை ஆழமாக அரித்தது. ஓடை ஒரு மீட்டர் இறங்கினால் அதையொட்டி நிலத்தடி நீரும் இறங்கும், மண் காயும். இன்று பல பள்ளத்தாக்குகளில் மரக்கழிகளை அடித்து, வில்லோ கிளைகளைப் பின்னி, மனிதர்களே பீவர் அணை போன்ற தடுப்புகளைக் கட்டுகிறார்கள்.

வேளாண்மைக்கு ஏற்றதா?

சத்து உண்டு, காலம் இல்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடிய இடத்தில் தானியம் விளைவது அரிது, புல்தான் விளைச்சல். பிக் ஹோல் பகுதியில் கோடையில் புல்லறுத்துக் காயவைத்து, மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனமாகப் போர் போடுகிறார்கள். அங்கே உருவாகி 1910-இல் காப்புரிமை பெற்ற "பீவர்ஸ்லைடு" என்ற மரச்சட்டம், புல்லைச் சரிவில் இழுத்து உச்சியிலிருந்து கொட்டிப் போராக்கும். கால்வாய் வெட்டி இம்மண்ணை வடிப்பதைவிட, ஈரத்தோடு ஒத்துப்போன இந்தத் தொழில்தான் நீடித்தது. வேடிக்கை என்னவென்றால், சில வெளிகள் இயற்கையாக ஈரமானவையே அல்ல. நூறாண்டுகளுக்கு மேலாகப் புல்லுக்காக ஆற்றுநீரைப் பாய்ச்சியதால் ஈரநில மண்ணின் சாயலைப் பெற்றவை.

வீடு கட்டலாமா?

மண்ணைப் பொறுத்தவரை விடை எளிது: அடித்தளம் உறைபனியில் தூக்கும், நிலவறையில் நீர் ஊறும், கழிவுநீர்த் தொட்டி வடியாது. சட்டத்தைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதல்ல. 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின்படி ஈரநிலத்தில் மண் நிரப்ப அனுமதி வேண்டும். எது ஈரநிலம் என்பதை நீர்நிலை, தாவரம், மண் ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்யும் கையேட்டை அந்நாட்டு இராணுவப் பொறியாளர் படை 1987-இல் வெளியிட்டது. ஐடஹோவின் ப்ரீஸ்ட் ஏரிக்கு அருகில் வீட்டு மனையில் மண் கொட்டிய ஒரு குடும்பத்தின் வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஆறுகள், ஏரிகள் ஆகியவற்றோடு இடையறாத மேற்பரப்புத் தொடர்புள்ள ஈரநிலங்களுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தடியில் மட்டும் தொடர்புள்ள மலைச் சதுப்புகள் பல இதனால் கூட்டாட்சிப் பாதுகாப்பை இழக்கும் நிலை. கொலராடோ 2024-இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது.

நீலகிரியின் சதுப்புகளும் இதே வகைதானா?

உறவு உண்டு, ஒன்றல்ல. நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளிலும் நீர் தேங்கிக் கரிய பீட் சேர்ந்திருக்கிறது. அதன் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு பழைய தட்பவெப்பத்தையும், புல்வெளி விரிந்து சுருங்கிய வரலாற்றையும் கணித்த இந்திய ஆய்வு 1993-இல் வெளியானது. குளிர்காலத்தில் அங்கும் பள்ளத்தில் உறைபனி விழுந்து, மேட்டில் விழாமல் போவதைக் காணலாம். ஆனால் உதகையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 14 டிகிரி. மண் 8 டிகிரிக்குக் கீழே வருவதற்கு இடமில்லை. நீரும் பருவமழையால் வருவது. வரும்போதே மண் வெதுவெதுப்பாக இருக்கும். ராக்கி மலை மண் சூலை வரை காத்திருக்க வேண்டிய வேலையை நீலகிரி மண் மழை விழுந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடும்.

நிறம் எப்போதுமே உண்மை சொல்லுமா?

சொல்லாது. வடிகால் வெட்டியோ, ஓடை ஆழமாகியோ நீர் இறங்கிவிட்ட பிறகும் சாம்பலும் துருவும் நெடுங்காலம் அழியாமல் நிற்கும். அப்போது புள்ளிகளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். துருவின் நிறம் ஓரத்தில் மெல்ல மங்கிச் சாம்பலில் கரைந்தால், இன்றும் நீர் ஏறி இறங்குகிறது என்று கொள்ளலாம். வெட்டியது போல விளிம்பு கூர்மையாக நின்றால் அது பெரும்பாலும் பழைய நீர் எழுதிய எழுத்து. அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த மே மாதம் ஒரு துளையிட்ட குழாயை இறக்கி, ஆகஸ்டு வரை வாரம் ஒருமுறை நீர்மட்டத்தையும் மண்ணின் வெப்பத்தையும் சேர்த்தே குறித்துவர வேண்டும்.